வாக்கெடுப்புக்கு ஓடிவந்த சனம் தேர்தலுக்கு ஏன் வருவதில்லை?

மொன்றியலின் மேற்குப் பக்கத்தில் செயின்ட் ஜோன்ஸ் வீதியால் வடக்கு நோக்கிக் காரில் போனால், டொலார்-டெஸ்-ஓர்மோ எங்கே முடிகிறது, பியர்ஃபோன் எங்கே தொடங்குகிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்லேலாது. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வீடுகள்தான். கோட்-டே-நேஜ் அப்பார்ட்மென்டுகளில் வாழ்க்கையைத் தொடங்கி, பிறகு சொந்த வீடு வாங்கி மேற்கே போன எங்கட சனம் இரண்டு பக்கமும் இருக்குது. ஆனால் ஒரு பக்கம் தனி நகரம். அதற்கென்று மேயர், நகரசபை, வரி வீதம் எல்லாம் இருக்கின்றன. மற்றப் பக்கம் மொன்றியல் மாநகரின் ஒரு போரோ, அதாவது மாநகரின் உட்பிரிவு மட்டும்தான்.

இந்தக் கோடு 2004 ஜூன் 20 ஆம் திகதி நடந்த வாக்கெடுப்பால் விழுந்தது. அன்று வோட்டுப் போடப் போனவர்களைவிட, போகாமல் வீட்டில் இருந்தவர்களுக்குத்தான் அதில் பெரிய பங்கு என்பது என் கருத்து.

கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மொன்றியல் தீவில் இருந்த எல்லா நகரங்களையும் ஒன்றாக்கி, 2002 ஜனவரி 1 முதல் ஒரே மாநகரமாக மாற்றியது அன்றைய பார்ட்டி கியூபெக்வா அரசாங்கம். லூயிஸ் ஹாரேல் அப்போது உள்ளூராட்சி அமைச்சர். யாரிடமும் கேட்காமல் செய்துவிட்டார்கள் என்று புறநகர்ச் சனத்துக்கு, குறிப்பாக ஆங்கிலம் பேசும் சனத்துக்கு, பெரிய கோபம். அந்தக் கோபம் 2001 நவம்பர் மாநகரத் தேர்தலில் தெரிந்தது. வாக்காளரில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் வந்தார்கள். இணைப்புக்காக வாதாடிய மேயர் பியர் பூர்க் தோற்று ஜெரால்ட் ட்ரொம்பிளே வென்றதே புறநகர் வாக்குகளால்தான். பிறகு 2003 இல் ஜோன் ஷரே தலைமையில் லிபரல்கள் மாகாண ஆட்சிக்கு வந்து, "விரும்பினால் பிரிந்து போகலாம்" என்று சட்டம் கொண்டுவந்தார்கள்.

அந்தச் சட்டத்தில் மூன்று படிகள். முதலில் பழைய நகரத்தின் வாக்காளரில் பத்து வீதத்தினர் பதிவேட்டில் கையெழுத்து வைக்க வேண்டும். அதன்பின் வாக்கெடுப்பு. அதில் "ஆம்" பெரும்பான்மை பெற வேண்டும். அதோடு முடியவில்லை. பதிவு செய்த மொத்த வாக்காளரில் 35 வீதமானோர் "ஆம்" என்று போட்டிருக்கவும் வேண்டும்.

தீவில் 22 பழைய நகரங்களில் வாக்கெடுப்பு நடந்தது. 15 நகரங்கள் பிரிந்து போயின. வெஸ்ட்மவுண்ட், ஹம்ப்ஸ்டெட், கோட்-சென்-லுக், பொயின்ட் கிளேர், டொலார் எல்லாம் அதில் அடக்கம். தென்கரையில் எங்கட ஆட்கள் நிறைய இருக்கும் புறோசாட்டும் அன்றுதான் லொங்கேயிலிலிருந்து பிரிந்தது. ஆனால் சென்-லோறன், லசால், பியர்ஃபோன் ஆகிய இடங்களில் என்ன நடந்தது என்று பாருங்கோ. வந்து வோட்டுப் போட்டவர்களில் பெரும்பான்மை "ஆம்". சென்-லோறனில் நாலு பேரில் மூன்று பேர் "ஆம்". என்றாலும் அது இன்றைக்கும் மொன்றியலின் போரோதான். 35 வீதம் வரவில்லை.

கணக்குப் போட்டுப் பார்த்தால் விளங்கும். நாலில் மூன்று பேர் "ஆம்" என்றாலும், 35 வீதத்தை எட்ட நூற்றில் 47 வாக்காளராவது வெளியே வந்திருக்க வேண்டும். "ஆம்" 60 வீதமாக இருக்கும் இடத்தில் என்றால் நூற்றில் 58 பேருக்கு மேல் வர வேண்டும். இந்த விதியின் கீழ் "இல்லை" என்று நினைக்கிறவர் வாக்குச் சாவடிக்குப் போகவே தேவையில்லை. வீட்டில் படுத்திருந்தாலும் அது "இல்லை" தான். ஒன்றையும் நினைக்காத, இப்படி ஒன்று நடக்கிறதென்றே தெரியாத மனிசனும் அதே பெட்டிக்குள் போய்விடுகிறார்.

பிரிந்து போன நகரங்களையும் போகாமல் நின்ற இடங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இன்னொன்று தெரியும். போனவற்றில் கூடுதலானவை சொந்த வீட்டுக்காரர், பல காலம் ஊன்றியவர், பழைய நகரசபையோடு பழக்கமானவர் நிறைந்த சின்ன நகரங்கள். சென்-லோறனும் லசாலும் பெரியவை. வாடகைக்கு இருப்போரும் புதிதாக வந்த குடியேறிகளும் அங்கே அதிகம். பிரிந்ததா, சேர்ந்திருந்ததா நல்லது என்று நான் இங்கே தீர்ப்புச் சொல்ல வரவில்லை. பிரிந்த நகரங்களுக்கும் முழுச் சுதந்திரம் கிடைக்கவில்லை. பொலிஸ், தீயணைப்பு, பஸ், குடிநீர் எல்லாம் தீவு முழுவதற்கும் பொதுவான சபையின் கையில். அந்தச் சபையில் மொன்றியலுக்கு ஏறத்தாழ 87 வீத வாக்குப் பலம். வரிப்பணத்தைக் கொடுத்துவிட்டு மூலையில் இருக்கிறோம் என்று புறநகர் மேயர்கள் இருபது வருடமாக முறையிடுகிறார்கள். நான் சொல்ல வருவது வேறு. எங்களைப் போன்றவர்கள் கூட இருக்கும் இடங்களில் முடிவை எடுத்தது வாக்கு எண்ணிக்கையைவிட வராதவர்களின் எண்ணிக்கை.

சரி, அந்த வாக்கெடுப்பு கிளப்பிய சூடு அடுத்த தேர்தலுக்கு வந்ததா? வரவில்லை. 2005 நவம்பரில் மொன்றியல் மாநகரத் தேர்தலில் வாக்களிப்பு 35 வீதம் அளவுக்கு விழுந்தது. இதைப் பார்த்துவிட்டு "வாக்கெடுப்பு சனத்தைக் களைப்பாக்கிவிட்டது" என்று சொல்வது சுலபம். ஆனால் ஒரு விசயத்தைக் கவனிக்க வேண்டும். பிரிந்து போன 15 நகரங்களும் மொன்றியலின் வாக்காளர் பட்டியலிலிருந்தே போய்விட்டன. அதிகம் கோபப்பட்டு, அதிகம் வோட்டுப் போட்ட சனம் அந்தத் தேர்தலில் இல்லை. ஆகவே சரிவின் ஒரு பங்கு களைப்பு, இன்னொரு பங்கு ஆளே மாறிப் போனது.

போனவர்களின் பக்கம் நடந்தது இன்னும் சுவாரசியம். பிரிவினை இயக்கத்துக்கு முகமாக நின்றவர் வெஸ்ட்மவுண்டின் முன்னாள் மேயர் பீட்டர் ட்ரென்ட். "எங்கட வாக்கு, எங்கட நகரம்" என்று வருடக்கணக்காகப் போராடி வென்ற அந்த நகரத்தில் 2009 இல் அவர் மேயராக வந்தது போட்டியில்லாமல். ஒருவர்கூட எதிர்த்து நிற்கவில்லை. மேயருக்கு வோட்டுப் போடும் வேலையே அந்த முறை அங்கே இருக்கவில்லை!

மாகாண அளவிலும் இதே கோலம்தான். 1995 அக்டோபர் 30 ஆம் திகதியை மொன்றியலில் அப்போது இருந்த எந்தத் தமிழரும் மறந்திருக்க மாட்டார். கியூபெக் பிரிவதா இல்லையா என்ற வாக்கெடுப்பில் 93.5 வீதமானோர் வாக்களித்தார்கள். "இல்லை" வென்றது 54,288 வாக்குகளால். அந்த மாதம் கியூபெக்கில் வழமையைவிட அதிகமானோருக்குக் குடியுரிமை வழங்கப்பட்டது என்பது பிறகு பெரிய சர்ச்சையானது. சத்தியப்பிரமாணம் எடுத்த கையோடு முதல் வோட்டை அந்த வாக்கெடுப்பில் போட்டவர்கள் எங்களுக்குள்ளும் இருக்கிறார்கள். அன்றிரவு முதலமைச்சர் ஜாக் பாரிசோ, தோல்விக்குப் பணமும் இனக்குழுக்களின் வாக்கும் காரணம் என்று சொன்னபோது, அந்த இரண்டாவது சொல்லில் தாங்களும் இருக்கிறோம் என்று எங்கட ஆட்களுக்கு விளங்கியது. எங்கள் வாக்குக்குப் பலம் இருக்கு என்று எங்களுக்குச் சொன்ன முதல் கியூபெக் தலைவர் அவர்தான் என்று பகிடியாகச் சொல்வோர் உண்டு.

அந்த 93.5 பிறகு என்னானது? 1998 மாகாணத் தேர்தலில் 78 வீதம். 2003 இல் 70. 2008 இல் 57. பிறகு 2012 இல் 74 க்கு ஏறி, 2022 இல் 66 இல் வந்து நின்றது. ஒரு நாள் முழு மாகாணத்தையும் வீட்டை விட்டு வெளியே கொண்டுவந்த வாக்கெடுப்பு, பதின்மூன்று வருடத்தில் பாதிக்குக் கொஞ்சம் மேலே இறங்கிய வாக்களிப்பைத் தடுக்கவில்லை.

இங்கே ஒரு பழைய கதையும் ஞாபகம் வருகிறது. எங்கட அம்மா அப்பாமாருக்கு "சர்வசன வாக்கெடுப்பு" என்ற சொல் கனடாவில் பிறந்த சொல் இல்லை. 1982 டிசம்பர் 22 இல் ஜே.ஆர். ஜெயவர்தன நடத்திய வாக்கெடுப்பு அவர்களுக்குத் தெரியும். விளக்குக்குப் போட்டால் "ஆம்", குடத்துக்குப் போட்டால் "இல்லை". 1977 இல் தெரிவான பாராளுமன்றத்தைத் தேர்தல் இல்லாமலே இன்னும் ஆறு வருடம் ஓட்டலாமா என்பதுதான் கேள்வி. யாழ்ப்பாணம் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் குடத்துக்குப் போட்டது. நாடு முழுவதும் எண்ணியபோது விளக்கு வென்றது. அடுத்த பொதுத்தேர்தல் 1989 இல்தான். தேர்தலையே விழுங்கிய வாக்கெடுப்பு அது. வாக்கெடுப்பு என்றாலே சனநாயகம் கூடும் என்று நம்பத் தயங்கும் ஒரு தலைமுறை எங்களிடம் இருப்பதற்கு இப்படியும் காரணம் இருக்கிறது. ஆனாலும் அதே தலைமுறைதான் 2009 டிசம்பர் 19 இல், வட்டுக்கோட்டைத் தீர்மானம் மீதான வாக்கெடுப்பு கனடாவில் நடந்தபோது, குளிருக்குள் வந்து வரிசையில் நின்றது. சட்ட வலு எதுவும் இல்லாத அந்த வாக்கெடுப்பில் கனடா முழுவதும் 48,000 க்கு மேற்பட்டோர் வாக்களித்தார்கள். அதற்கு ஏறத்தாழ ஏழு வாரத்துக்கு முதல் நடந்த மொன்றியல் மாநகரத் தேர்தலில் 39 வீதம்தான் வாக்களிப்பு. எங்கட ஆட்களுக்கு வோட்டுப் போடுவதில் அலுப்பு என்று யாரும் சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். எதற்காகப் போகிறோம் என்று தெரிந்தால் போகிறோம்.

வெளியுலகத்திலும் ஒரே பதில் இல்லை. சுவிசில் வருடத்துக்குப் பல முறை வாக்கெடுப்பு. அங்கே நாடாளுமன்றத் தேர்தலுக்குப் பாதிப் பேர்கூடப் போவதில்லை. 2023 இல் 47 வீதம் அளவுதான். பெரிய முடிவுகளை எப்படியும் எங்களிடம் கேட்பார்கள் என்று தெரிந்தால், ஆளைத் தெரிவு செய்யும் நாளுக்கு மவுசு குறைவது இயல்பு. அமெரிக்காவில் நேர்மாறு. வாக்காளர் முன்மொழிவுகள் வாக்குச்சீட்டில் இருக்கும் மாநிலங்களில், அதுவும் ஜனாதிபதித் தேர்தல் இல்லாத வருடங்களில், வாக்களிப்பு சற்று உயர்வதாக ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். அங்கே இரண்டும் ஒரே நாளில், ஒரே சீட்டில் வருவதால் அப்படி.

ஸ்கொட்லாந்துதான் எங்களுக்குப் பாடம் சொல்லக்கூடிய இடம். 2014 சுதந்திர வாக்கெடுப்பில் 84.6 வீதம். அடுத்த வருடம் பிரித்தானியப் பொதுத்தேர்தலில் ஸ்கொட்லாந்தின் வாக்களிப்பு 2010 இல் இருந்த 64 இலிருந்து 71 க்கு ஏறியது. 2016 ஸ்கொட்லாந்து நாடாளுமன்றத் தேர்தலிலும் முந்தியதைவிட உயர்வு. கியூபெக்கில் வடிந்தது அங்கே ஏன் நின்றது? தோற்ற பக்கம் வீட்டுக்குப் போகவில்லை. 25,000 அங்கத்தவரோடு இருந்த ஸ்கொட்லாந்து தேசியக் கட்சி சில மாதங்களில் ஒரு லட்சத்தைத் தாண்டியது. 16, 17 வயதுப் பிள்ளைகளுக்கு வாக்கெடுப்பில் கொடுத்த உரிமையை ஸ்கொட்லாந்துத் தேர்தல்களுக்கும் நீடித்தார்கள். வாக்கெடுப்பு முடிந்த அடுத்த நாள் போக ஒரு இடமும், சேர ஒரு அமைப்பும் இருந்தன.

இவ்வளவு தூரம் போகத் தேவையில்லை, மொன்றியலிலேயே சின்ன அளவில் இதைக் காட்டும் ஒரு தெரு இருக்கிறது. ஹட்சிசன் வீதி, பிளாட்டோவுக்கும் ஊட்ரமோனுக்கும் எல்லை. 2011 இல் அங்கே உள்ள ஒரு சின்ன யூதத் தொழுகைக் கூடத்தைக் கொஞ்சம் பெருப்பிக்க அனுமதி கொடுப்பதா என்று அயலவரிடையே வாக்கெடுப்பு வைத்தார்கள். 243 பேர் வேண்டாம், 212 பேர் வேணும். முப்பத்தொரு வாக்கு வித்தியாசம். தோற்ற ஹசிடிக் யூதர்கள் பக்கத்தில் மிண்டி பொல்லாக் என்ற இளம் பெண், யூதர் அல்லாத அயலவர்களோடு சேர்ந்து ஒரு தெருக் குழுவைத் தொடங்கினார். இரண்டு வருடத்தில், 2013 தேர்தலில், அவர் ஊட்ரமோன் போரோவின் கவுன்சிலராகத் தெரிவானார். பிறகும் இரண்டு தடவை வென்றார்.

அதோடு பிரச்சினை தீரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2016 நவம்பர் 20 இல் ஊட்ரமோனின் பெர்னார் வீதியில் புதிய வழிபாட்டிடங்களைத் தடை செய்யும் உபவிதி வாக்கெடுப்புக்கு வந்தது. ஏறத்தாழ 60 வீதம் சனம் வந்தது. எந்த மாநகரத் தேர்தலிலும் மொன்றியல் அண்மைக் காலத்தில் காணாத எண்ணிக்கை. தடைக்கு 1,561, எதிராக 1,202. ஹசிடிக் சமூகம் திரும்பவும் தோற்றது. ஆனால் இந்த முறை சபைக்குள் அவர்களுக்கு ஒரு குரல் இருந்தது.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்? "வழிபாட்டிடம்" என்ற சொல்லில் எங்கட கோயில்களும் அடங்கும். டொலாரில் திருமுருகன் கோயில் இருக்கிறது. பார்க் எக்ஸ்டென்ஷன் பக்கம் துர்க்கை அம்மன் கோயில் இருக்கிறது. எந்த வலயத்தில் கோயில் வரலாம், மண்டபம் வரலாம், எத்தனை கார் நிற்கலாம், பக்கத்தில் எத்தனை மாடி கட்டலாம் என்பதை எல்லாம் எழுதுவது ஒட்டாவாவோ கியூபெக் சிற்றியோ இல்லை, நகரசபையும் போரோ சபையும்தான். நாங்கள் நவம்பரில் வோட்டுப் போடாமல் விடுகிற அதே சபை.

சபை வலய உபவிதியை மாற்றும்போது, சட்டம் அனுமதிக்கும் விசயங்களில், அந்த வலயத்திலும் ஒட்டியுள்ள வலயங்களிலும் இருப்பவர்கள் எதிர்ப்புத் தெரிவிக்கலாம். முதல் படிக்குப் பெரும்பாலும் ஒரு டசின் கையெழுத்துப் போதும். பிறகு பதிவேடு திறப்பார்கள். அடையாள அட்டையோடு போய்க் கையெழுத்து வைக்க வேண்டும். தேவையான எண்ணிக்கை வந்துவிட்டால் சபைக்கு இரண்டு வழி: திட்டத்தைக் கைவிடலாம், அல்லது வாக்கெடுப்பு நடத்தலாம். பல இடங்களில் வாக்கெடுப்பு வரை போகாமலே திட்டத்தை மடித்து வைத்துவிடுவார்கள். ஆகவே உண்மையான அதிகாரம் அந்தப் பதிவேட்டில்தான் இருக்கிறது. அந்த அறிவித்தல் எங்கே ஒட்டப்படுகிறது, எந்த மொழியில் வருகிறது, யார் வாசிக்கிறார்கள்? வேலை முடிந்து வந்து இரண்டாவது வேலைக்கு ஓடுகிற மனிசனுக்கு அது தெரியப் போவதில்லை. தெருவில் பல வருடம் இருக்கும், நேரமும் பழக்கமும் உள்ள நாற்பது பேருக்குத் தெரியும். அவர்களில் பிழை இல்லை. ஆனால் சின்ன வாக்கெடுப்பில் சின்னக் கூட்டமே போதும். 2017 இல் மாகாண அரசு இந்த முறையைப் பெருமளவு இல்லாமல் செய்யப் பார்த்துப் பின்வாங்கியது. வீடு கட்டும் அவசரத்தில் அண்மையில் வந்த சட்டங்கள் சில திட்டங்களை இதிலிருந்து விலக்கியும் வைத்துள்ளன. அப்படி விலக்கினால் என்ன, முடிவு யாரிடம் போகிறது? திரும்பவும் தேர்தலில் வந்த கவுன்சிலரிடம்தான்.

2013 இல் மொன்றியலில் 43 வீதம், 2017 இல் 42, 2021 இல் 38. போன 2025 நவம்பர் 2 இல் சொராயா மார்ட்டினேஸ் ஃபெராடா வென்ற தேர்தலிலும் 40 ஐ எட்டவில்லை. "அண்ணை, நாங்கள் போட்டு என்ன வரப்போகுது?" என்று கேட்கிறவர்களுக்கு நான் அந்த முப்பத்தொரு வாக்கைத்தான் சொல்வேன்.

இங்கே பிறந்த பிள்ளைகள் இந்த விசயத்தில் எங்களைவிட வசதியானவர்கள். பிரெஞ்சில் அறிவித்தலை வாசிப்பார்கள், சபைக் கூட்டத்தில் கேள்வி நேரத்தில் எழும்பிப் பேசுவார்கள். ஆனால் அவர்களுக்கு மாநகரத் தேர்தல் என்றால் குப்பையும் பனி அள்ளுவதும்தான் என்ற எண்ணம். 2026 அக்டோபர் 5 இல் மாகாணத் தேர்தல் வருகிறது. பார்ட்டி கியூபெக்வா வென்றால் முதல் பதவிக் காலத்திலேயே மூன்றாவது வாக்கெடுப்பு என்று போல் சென்-பியர் பிளமொண்டன் சொல்லியிருக்கிறார். அப்படி ஒன்று வந்தால் 1995 மாதிரி எல்லோரும் ஓடுவோம், சந்தேகமே இல்லை. ஆனால் அந்த வாக்கெடுப்பு வருமா என்பதைத் தீர்மானிக்கப் போவதே அக்டோபர் 5 தான். வாக்கெடுப்பு வரட்டும் பார்ப்போம் என்று இருந்தால், கேள்வியை எழுதும் வேலையை மற்றவர்களிடம் விட்டுவிட்டு "ஆம்", "இல்லை" இரண்டில் ஒன்றைத் தெரிவு செய்யும் வேலையை மட்டும் நாங்கள் எடுத்துக்கொள்கிறோம்.

கடைசியாக ஒரு நடைமுறை விசயம், பலருக்குத் தெரியாது. கியூபெக்கில் மாநகரத் தேர்தலுக்கு அந்த நகரத்தில் குடியிருந்தால்தான் வாக்கு என்றில்லை. கனடியக் குடியுரிமை உள்ள 18 வயதுக்கு மேற்பட்ட ஒருவர், கியூபெக்கிற்குள் வேறு நகரத்தில் வசித்தாலும், அந்த நகரத்தில் ஒரு வருடமாவது கட்டடச் சொந்தக்காரராகவோ கடை நடத்துபவராகவோ இருந்தால் அங்கும் வாக்களிக்கலாம். வலய வாக்கெடுப்பிலும் அதே மாதிரி உரிமை உண்டு. பலர் சேர்ந்து சொந்தமாக வைத்திருந்தால் அவர்களில் ஒருவரைக் கடிதம் மூலம் நியமிக்க வேண்டும். ஆனால் இது தானாக வராது, நீங்களே எழுதிக் கேட்டுப் பட்டியலில் பதிய வேண்டும். லவாலில் வீடு, பார்க் எக்ஸ்டென்ஷனில் கடை என்று எத்தனை பேர் எங்களுக்குள் இருக்கிறார்கள்? கடை முன்னால் பைக் பாதை வந்தபோதும், பார்க்கிங் போனபோதும் சத்தம் போட்டவர்களில் எத்தனை பேர் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள்? அடுத்த மாநகரத் தேர்தல் 2029 நவம்பர் 4. விண்ணப்பப் பத்திரம் நகரசபைக் காரியாலயத்தில் இருக்கிறது.